மூக்கு ஏன் மழுங்கல், இறக்கை ஏன் சாய்வு: விமானத்தின் வடிவமும் வேகமும்

கேள்வி: பயணிகள் விமானத்தின் மூக்கு உருண்டு மழுங்கலாக இருக்கிறது, போர் விமானத்துக்கோ ஊசி மூக்கு. எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடருக்கு நீண்டு ஒல்லியான இறக்கை, ஜெட்டுக்குப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கன்கார்டுக்கு முக்கோண இறக்கை. எல்லாம் பறப்பது ஒரே காற்றில்தானே? வேகம்தான் காரணம் என்றால், எல்லாவற்றையும் கூர்மையாகச் செய்துவிட்டால் போதாதா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். போதாது. கூர்மை ஒரு குறிப்பிட்ட வேக வரம்புக்குள்தான் பலன் தரும். அதற்குக் கீழே அதனால் பெரிய லாபம் இல்லை. அதற்கு வெகுவாக மேலே போனால் அதுவே ஆபத்து. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு விமானத்தின் உச்ச வேகத்தை மட்டும் பார்த்து அதன் வடிவத்தைப் புரிந்துகொள்ள முடியாது. எவ்வளவு வேகமாகப் பறக்கும் விமானமும் ஒவ்வொரு முறையும் மெதுவாகத் தரையிறங்கியே ஆக வேண்டும். அந்த இரு வேகங்களுக்கும் நடுவே நடக்கும் பேரத்தில் யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் நம் கண்ணுக்கு வடிவமாகத் தெரிகிறது.

பேரம் எவ்வளவு கடினமானது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். காற்று தரும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கூடவே காற்றின் அடர்த்தியையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பயணிகள் ஜெட் 11 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 30 சதவீதம்தான். ஆனாலும் அந்த வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் ஒரு சதுர மீட்டர் மேல் சுமார் 1,150 கிலோ எடையை வைத்ததற்குச் சமம். அதே விமானம் ஓடுதளத்தை நெருங்கும்போது மணிக்கு 250 கிலோமீட்டர். கீழே காற்று அடர்த்தியாக இருந்தும் அந்த அழுத்தம் 300 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எரிபொருள் செலவானதில் விமானத்தின் எடை ஓரளவு குறைந்திருக்கும். ஆனால் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்காது. ஆக, மேலே சொகுசாகப் பறந்த அதே இறக்கை, கீழே வரும்போது கிடைக்கிற அழுத்தத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மடங்கு திறமையாகத் தூக்குவிசையைப் பிழிந்தெடுக்க வேண்டும்.

அதற்காக இறக்கை தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். தரையிறங்கப் பத்து, பதினைந்து நிமிடங்கள் இருக்கும்போது ஒரு மோட்டாரின் ரீங்காரம் கேட்கும். இறக்கையின் பின்பகுதி பின்னோக்கி நகர்ந்து, பிறகு கீழ்நோக்கி வளையும், அது ஃபிளாப். முன்விளிம்பிலிருந்தும் ஒரு பட்டை முன்னால் நகர்ந்து தலைகுனியும், அது ஸ்லாட். முழுவதும் விரிந்ததும் இறக்கைக்கும் ஃபிளாப்புக்கும் இடையே ஒரு பிளவு தெரியும். அதன் வழியே தரையைக்கூடப் பார்க்க முடியும். அந்தப் பிளவு வேண்டுமென்றே விடப்பட்டது. இறக்கையின் கீழ்ப்புறத்தில் ஓடும் காற்றில் ஒரு பகுதி அதன் வழியாகப் பாய்ந்து ஃபிளாப்பின் முதுகின் மேல் ஓடுகிறது. களைத்துப்போய் மேற்பரப்பை விட்டு விலகப் பார்க்கும் காற்றுக்குப் பதிலாக அங்கே புதுவேகத்துடன் வரும் காற்று படிகிறது. அதனால்தான் அவ்வளவு வளைந்த பிறகும் ஃபிளாப் வேலை செய்கிறது. சக்கரம் தரையைத் தொட்டவுடன் இறக்கையின் முதுகில் பலகைகள் விருட்டென்று எழும். இனி தூக்குவிசை தேவையில்லை என்று அதைக் கொன்றுவிடுவதே அவற்றின் வேலை. அப்போதுதான் எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இறங்கி பிரேக் பிடிக்கும்.

தூக்குவிசை எப்படி வருகிறது என்பதற்குப் பள்ளிப் பாடங்களில் அடிக்கடி வரும் ஒரு விளக்கத்தை இங்கேயே ஓரங்கட்டிவிட வேண்டும். இறக்கையின் மேற்புறம் நீளமானது, எனவே மேலே போகும் காற்று கீழே போகும் காற்றுடன் ஒரே நேரத்தில் பின்விளிம்பில் சேர்வதற்காக வேகமாக ஓடுகிறது என்பார்கள். அப்படிச் சேர வேண்டும் என்று காற்றுக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டு அளந்தால், மேலே போன காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்திருப்பது தெரியும். இறக்கை தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அப்படித் திருப்பும்போது மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது, கீழ்ப்புறத்தில் கூடுகிறது. அழுத்த வேறுபாடு, காற்று கீழே தள்ளப்படுவது இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு கணக்குகள். இதில் எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை.

காற்றைத் திருப்புவதற்கு எல்லை உண்டு. இறக்கையை ஒட்டி ஓடும் மெல்லிய படலம், உராய்வினால் வேகம் இழந்து கொண்டே வருகிறது. ஜெர்மன் அறிஞர் லுட்விக் பிராண்ட்ல் 1904ஆம் ஆண்டு இந்த எல்லைப்படலத்தை விளக்கிய பிறகுதான் காற்றியக்கவியல் கணக்கும் நிஜமும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. முன்பகுதியில் அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் காற்று உற்சாகமாக ஓடும். பின்பகுதியில் அழுத்தம் மீண்டும் ஏறும். ஏற்கெனவே வேகம் இழந்த படலம் அந்த மேட்டில் ஏற வேண்டும். தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம்) ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால் சாதாரண இறக்கைகளில் அது முடியாமல் போய், காற்று பரப்பை விட்டுப் பிய்த்துக்கொள்ளும். தூக்குவிசை சரியும், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையான இழுவை எகிறும். இதுதான் ஸ்டால்.

உங்கள் மூக்குக் கேள்விக்குப் பாதி விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஒலியின் வேகத்துக்குக் கீழே பறக்கும்போது மூக்கைவிட வால்தான் முக்கியம். மழுங்கலான மூக்கின் மீது வரும் காற்று, வளைந்து ஒதுங்கிச் சீராகவே ஓடும். அங்கே இழப்பு குறைவு. பின்புறம் சட்டென்று முடிந்தால்தான் காற்று பிய்ந்து, பின்னால் சுழல்களின் கூட்டம் உருவாகி, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். பயணிகள் விமானத்தின் வால்பகுதி நீளமாக, நிதானமாகக் குறுகி முடிவதைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்காகச் செய்தது அல்ல. இறக்கையின் முன்விளிம்பும் அதேபோல் உருண்டிருப்பதில் கூடுதல் நன்மை உண்டு: வெவ்வேறு கோணங்களில் வரும் காற்றை அது பொறுத்துக்கொள்ளும். கூரிய விளிம்பு சிறு கோணத்திலேயே காற்றைப் பிய்த்துவிடும்.

மெதுவாகப் பறப்பவற்றின் தலைவலி வேறு வகை. இறக்கையின் கீழே அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. இறக்கை முடிகிற நுனியில் கீழிருந்து காற்று மேலே வழிந்து சுழலாக உருண்டு பின்னால் போகிறது. அந்தச் சுழலுக்கான ஆற்றலை விமானம்தான் கொடுக்க வேண்டும். தூக்குவிசைக்குக் கட்ட வேண்டிய வரி என்று இதைச் சொல்லலாம். இதில் விசித்திரம் என்னவென்றால், உராய்வு போன்ற மற்ற இழுவைகள் வேகம் கூடக்கூட அதிகரிக்கும்; இந்த வரி மட்டும் வேகம் கூடினால் குறையும். மெதுவாகப் போனால் அதிகக் கோணத்தில் பறக்க வேண்டும், சுழல் பலமாகும். எனவே மெதுவாகப் பறப்பவற்றுக்கு ஒரே வழி, நுனிகளைத் தூரத் தள்ளிவைப்பது: நீண்டு குறுகிய இறக்கை. ‘ஈட்டா’ என்ற கிளைடரின் இறக்கை விரிவு 30.9 மீட்டர், சராசரி அகலத்தைப்போல் அதன் நீளம் 51 மடங்கு. இப்படிப்பட்ட கிளைடர்கள் ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் 60 மீட்டருக்கும் மேல் முன்னேறும். ஒரு பெரிய ஜெட்டுக்கு இந்த எண் இருபதை ஒட்டியே இருக்கும். அப்படியென்றால் எல்லாருக்கும் நீண்ட இறக்கையே வைத்துவிடலாமே? நீளமான இறக்கை எளிதில் வளையும். அதை வளையாமல் செய்ய எடை கூடும். வேகமாகப் பறக்கும்போது அதன் பரப்பு முழுவதும் உராய்வைச் சுமக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் காற்று சுருங்காத பொருள் என்று வைத்துக்கொண்டு பேசியது. வேகம் ஏறினால் அந்தச் சலுகை போய்விடும். விமானம் காற்றை நகர்த்தும்போது அந்தச் செய்தி அழுத்த அலையாக ஒலியின் வேகத்தில் எல்லாப் பக்கமும் பரவுகிறது. முன்னால் இருக்கும் காற்று, விமானம் வருவதற்கு முன்பே இந்தத் தகவலைப் பெற்று விலகத் தொடங்கிவிடுகிறது. மழுங்கல் மூக்கு பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். விமானமே ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் தகவல் முந்திப் போக முடியாது. முன்னறிவிப்பே இல்லாமல் காற்று சடாரென ஒதுக்கப்பட வேண்டும். அந்த இடத்தில் அழுத்தமும் வெப்பமும் ஒரு மெல்லிய தளத்தில் திடீரென எகிறுகின்றன. அதுதான் அதிர்ச்சி அலை.

ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸில் மணிக்கு 1,225 கிலோமீட்டர். 11 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 டிகிரி குளிரில், சுமார் 1,062 கிலோமீட்டர். எனவே உயரத்தில் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட், ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தை எட்டிவிட்டது; மாக் எண் 0.85. ஆனால் இறக்கையின் முதுகில் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுகிறது. விமானம் ஒலியைத் தாண்டாவிட்டாலும் அந்த முதுகின் மேல் ஓடும் காற்று தாண்டிவிடும். அங்கே ஓர் அதிர்ச்சி அலை நிற்கும். அதன் பின்னால் எல்லைப்படலம் தடித்து, பிய்ந்து, இறக்கையே நடுங்கத் தொடங்கும்.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் இதை மிகக் கசப்பாகக் கற்றார்கள். அமெரிக்காவின் பி-38 லைட்னிங் செங்குத்தாகப் பாயும்போது குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மூக்கு மேலும் கீழே குனியும். கட்டுப்பாட்டுத் தடியை இழுத்தால் அசையாது. அதிர்ச்சி அலை வந்ததும் தூக்குவிசை செயல்படும் மையம் பின்னால் நகர்ந்துவிட்டது. வாலுக்கு வரும் காற்றும் குழம்பியது. அந்த விமானத்தின் இறக்கை, உடலோடு சேருமிடத்தில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தில் 16 சதவீதம் தடிமன். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயருக்கு அது 13 சதவீதம்தான். இந்தச் சிறு வித்தியாசத்தால்தான் 1944இல் ஒரு சோதனைப் பாய்ச்சலில் ஸ்பிட்ஃபயர் மாக் 0.9ஐத் தாண்டியது. அந்த முயற்சிகளில் ஒன்றில் புரொப்பெல்லரே கழன்று போயிற்று. விமானி மிதந்து வந்து பத்திரமாக இறங்கினார். மெல்லிய இறக்கை எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1.06 தொட்டபோது, அந்த விமானத்தின் உடல் ஏற்கெனவே ஒலியை மீறிப் பறந்து பழகிய துப்பாக்கித் தோட்டாவின் வடிவில் இருந்தது. அதைவிட முக்கியம், வாலின் கிடைத்தளம் முழுவதையும் திருப்பும் வசதி. பின்னால் ஒட்டிய சிறு மடலை மட்டும் அசைத்தால், அதிர்ச்சி அலைக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட அந்த மடல் செயலிழந்துவிடும். இன்றைய மீயொலி போர் விமானங்களில் பெரும்பாலானவற்றின் வால் முழுதாகத் திரும்புவது அந்தப் பாடத்தால்தான்.

மெல்லியதாக்குவது ஒரு வழி. இன்னொரு வழி, இறக்கையைப் பின்னோக்கிச் சாய்ப்பது. ரோமில் 1935இல் நடந்த மாநாட்டில் ஜெர்மனியின் அடால்ஃப் புசேமான் இதை முன்வைத்தபோது அதிகம் கவனிப்பாரில்லை; அன்றைய விமானங்கள் அதற்கான வேகத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கருத்து மிக எளியது. சாய்ந்த இறக்கையின் மேல் வரும் காற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: முன்விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கூறு, இறக்கையின் நீளவாக்கில் ஒரு கூறு. அழுத்தத்தை உருவாக்குவது செங்குத்துக் கூறு மட்டுமே. போயிங் 707க்கு 35 டிகிரி சாய்வு. மாக் 0.85இல் பறந்தால் செங்குத்துக் கூறு மாக் 0.70தான். இறக்கையைப் பொறுத்தவரை அது நிதானமாகப் பறந்துகொண்டிருக்கிறது!

இதற்கும் விலை உண்டு. நீளவாக்கில் ஓடும் கூறு, களைத்த எல்லைப்படலத்தை நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். அதனால் ஸ்டால் நுனியில் முதலில் தொடங்கும். நுனிகள் பின்னால் இருப்பதால் அங்கே தூக்குவிசை போனவுடன் விமானத்தின் மூக்கு தானாகவே மேலெழும். ஸ்டால் இன்னும் மோசமாகும். சோவியத் போர் விமானம் மிக்-15இன் இறக்கையின் மேல் நீளமாக நிற்கும் தகடுகள் அந்த ஓட்டத்தை மறிக்கத்தான் பொருத்தப்பட்டன. பிறகு நெகிழ்வு. போயிங் பி-47 குண்டுவீச்சு விமானத்தின் மெல்லிய, சாய்ந்த இறக்கையில் நுனிக்கருகே இருந்த ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) மிகுந்த வேகத்தில் இறக்கையையே முறுக்கிவிட்டது. விளைவு தலைகீழ்: விமானி இடப்பக்கம் சாய்க்க, விமானம் வலப்பக்கம் சாயப் பார்க்கும். போயிங் 747இல் இதற்காகவே இரண்டு ஜோடி ஐலரான்கள் உண்டு. நுனிக்கருகே உள்ள ஜோடி, ஃபிளாப் விரிந்திருக்கும் மெது வேகத்தில் மட்டும் செயல்படும். வேகமாகப் பறக்கும்போது பூட்டப்பட்டுவிடும். சாய்வு எவ்வளவு வேண்டும் என்பதும் வேகத்தைக் கேட்டே முடிவாகிறது. மாக் 0.85இல் போகும் 747க்கு 37.5 டிகிரி, மாக் 0.78இல் போகும் ஏர்பஸ் ஏ320க்கு 25 டிகிரி போதும்.

இந்த ஒலிக்கருகான வேகப் பகுதியில் ஒரே மனிதரின் பெயர் திரும்பத் திரும்ப வரும்: நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் விட்கோம்ப். அவருடைய முதல் கண்டுபிடிப்பு 1950களின் தொடக்கத்தில். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, காற்று இறக்கை வேறு உடல் வேறு என்று பார்ப்பதில்லை. விமானத்தின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு மூக்கிலிருந்து வால்வரை எவ்வளவு சீராக ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அது பொருட்படுத்துகிறது. இறக்கை தொடங்கும் இடத்தில் பரப்பு திடீரென்று கூடும். எனவே அங்கே உடலைக் குறுக்கிவிட வேண்டும். ஒய்எஃப்-102 என்ற போர் விமானம் எத்தனை உந்துவிசை கொடுத்தும் கிடைமட்டமாகப் பறந்து ஒலியைத் தாண்ட மறுத்தது. இடுப்பைக் குறுக்கி, மூக்கையும் வாலையும் திருத்திய மாதிரி 1954 டிசம்பரில் எளிதாகத் தாண்டியது. அவருடைய இன்னொரு பங்களிப்பு, முதுகு தட்டையாகவும் பின்பகுதியின் அடிப்புறம் உள்ளே குழிந்தும் இருக்கும் இறக்கை வெட்டுமுகம். முதுகில் காற்று மிகையாக வேகம் பிடிக்காததால் அதிர்ச்சி அலை பலவீனமாகிறது. முதுகில் இழந்த தூக்குவிசையைப் பின்பகுதியின் குழிவு ஈடுகட்டுகிறது. இன்றைய ஜெட்டுகள் 707ஐவிடத் தடித்த இறக்கையைக் குறைந்த சாய்வில் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் பறப்பதற்கு இந்த வெட்டுமுகம்தான் முக்கியக் காரணம். தடித்த இறக்கை என்றால் எடை குறைவு. எரிபொருளுக்கும் இடம் அதிகம். விங்லெட் என்று நுனியில் மேல்நோக்கி வளையும் சிறு இறக்கையை 1970களில் முறையாக ஆய்ந்து காட்டியவரும் அவரே. என் பார்வையில், இன்றைய பயணிகள் விமானத்தின் தோற்றத்தில் இவரளவுக்குக் கைரேகை பதித்த வேறு தனிமனிதர் இல்லை.

வேகத்தின் இரு சுவர்களும் எவ்வளவு நெருங்கி வரும் என்பதற்கு யு-2 உளவு விமானம் நல்ல உதாரணம். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் உயரத்தில், காற்று மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில், கிளைடர் போன்ற நீண்ட இறக்கையோடு அது பறக்கிறது. சற்று மெதுவானால் ஸ்டால். சற்று வேகமானால் இறக்கையில் அதிர்ச்சி அலை நடுக்கம். உச்ச உயரத்தில் இரண்டுக்கும் இடையே மணிக்குப் பத்து கடல்மைல் அளவே இடைவெளி இருக்கும். திரும்பும்போது ஒரு நுனி இந்தச் சுவரையும் மறு நுனி அந்தச் சுவரையும் ஒரே நேரத்தில் தொடக்கூடும்.

ஒலியை நிரந்தரமாகத் தாண்டிப் பறக்க வேண்டும் என்றால் விதிகள் மாறிவிடுகின்றன. அங்கேதான் கூர்மை அரசாளுகிறது. மழுங்கிய மூக்கின் முன்னால் அதிர்ச்சி அலை செங்குத்தாக, பலமாக நிற்கும். கூரிய மூக்கில் அது சாய்ந்து, பலவீனமாக ஒட்டிக்கொள்ளும். அலையால் வரும் இழுவை, இறக்கையின் தடிமன் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் இழுவை கால்வாசியாகும். இதை எல்லைவரை கொண்டுபோனது எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் என்ற போர் விமானம். இறக்கையின் தடிமன் அகலத்தில் 3.36 சதவீதம். முன்விளிம்பின் வளைவு ஆரம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது ஊழியர்கள் மோதிக் காயப்பட்டுவிடாமல் இருக்க அந்த விளிம்புக்கு உறை மாட்டுவார்கள். மாக் 2இல் அற்புதமாகப் பறந்த அந்த இறக்கை தரையிறங்கும்போது பாடாய்ப் படுத்தியது. எஞ்சினிலிருந்து காற்றை எடுத்து ஃபிளாப்பின் முதுகில் ஊதித்தான் சமாளித்தார்கள். அப்படியும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல்தான் ஓடுதளத்தை நெருங்க முடிந்தது.

கன்கார்டின் முக்கோண இறக்கை இதே சிக்கலுக்கு வேறொரு பதில். அகலம் மிகப் பெரிது என்பதால் உண்மையான தடிமன் போதுமான அளவு இருந்தாலும் விகிதத்தில் அது மெல்லிய இறக்கை. சாய்வு அதிகம் என்பதால் முன்விளிம்பு, மூக்கிலிருந்து கிளம்பும் அதிர்ச்சிக் கூம்புக்குள் அடங்கியிருக்கும். மெதுவாக வரும்போது? அங்கேதான் அதன் நுட்பம். கூர்த்த, வளைந்த முன்விளிம்பில் காற்று வேண்டுமென்றே பிய்க்கப்படுகிறது. பிய்ந்த காற்று இரண்டு பலமான சுழல்களாக இறக்கையின் முதுகில் உருண்டு ஓடும். அந்தச் சுழல்களின் மையத்தில் இருக்கும் குறைந்த அழுத்தமே விமானத்தைத் தூக்குகிறது. மற்ற விமானங்களுக்கு எமனாக இருக்கும் காற்றுப் பிரிவை இது வேலைக்கு வைத்துக்கொண்டது. ஆனால் சுழல் பலமாக இருக்க மூக்கை வெகுவாக உயர்த்த வேண்டும். உயர்த்தினால் விமானிக்கு ஓடுதளம் தெரியாது. அதனால்தான் மூக்கை 12.5 டிகிரி வரை கீழே தாழ்த்தும் இயந்திரம். ஒலியைத் தாண்டும்போது தூக்குவிசையின் மையம் பின்னால் நகர்வதை ஈடுகட்ட எரிபொருளையே பின்தொட்டிக்கு இறைத்தார்கள். வடிவத்தால் தீராத பிரச்சினையை எடையை நகர்த்தித் தீர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த தீர்வுகளில் ஒன்று. இத்தனைக்குப் பிறகும் மாக் 2இல் அதன் தூக்குவிசை இழுவையைப்போல் ஏழு மடங்கு அளவில்தான். 747க்கு அது பதினேழு. கன்கார்டின் டிக்கெட் விலையில் பெரும்பங்கு இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருந்தது.

எஞ்சின் வாய்க்கும் இதே கதை. ஜெட் எஞ்சினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸர் ஒலிக்குக் கீழான வேகத்தில் வரும் காற்றைத்தான் ஏற்கும். பயணிகள் விமானத்தில் எஞ்சின் வாய் தடித்து உருண்டிருப்பது, கோணம் மாறினாலும் காற்றைச் சிதறாமல் உள்ளே விழுங்குவதற்கு. கன்கார்டிலோ மாக் 2 காற்றைச் சில மீட்டர் நீளத்துக்குள் பாதி ஒலிவேகத்துக்கு அடக்க வேண்டும். அசையும் தகடுகளால் தொடர்ச்சியாகப் பல சாய்ந்த அலைகளை உண்டாக்கி அதைச் செய்தார்கள். எஸ்ஆர்-71 உளவு விமானத்தில் எஞ்சின் வாயில் நிற்கும் பெரிய கூம்பு, வேகம் கூடக்கூட 66 சென்டிமீட்டர் பின்னால் நகரும்; மாக் 3க்கு மேல் அலை சரியான இடத்தில் விழ அது அவசியம்.

அந்த வேகத்தில் இழுவையைவிடப் பெரிய எதிரி வெப்பம். கன்கார்டின் மூக்கு நுனி 127 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். பறக்கும்போது அதன் உடல் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். அலுமினியம் அதற்கு மேல் தாங்காது என்பதால்தான் மாக் 2ஐ ஒட்டி நிறுத்திக்கொண்டார்கள். எஸ்ஆர்-71க்கு டைட்டானியம் வேண்டியிருந்தது. 1967 அக்டோபரில் எக்ஸ்-15 என்ற ராக்கெட் ஆய்வு விமானம் மாக் 6.7ஐத் தொட்டபோது, அடியில் மாட்டியிருந்த போலி எஞ்சினிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை விமானத்தின் கீழ்த்துடுப்பைத் தாக்கி அங்கே உலோகத்தையே ஓட்டை போட்டுவிட்டது. அலை எங்கே போய் விழுகிறது என்பதும் வடிவமைப்பின் பகுதி என்று அந்த ஓட்டைகள் காட்டின.

இன்னும் மேலே, விண்வெளியிலிருந்து திரும்பும் வேகத்தில், கூர்மை கைவிடப்படுகிறது. ஊசி முனையில் அலை ஒட்டிக்கொண்டு நிற்கும். வெப்பம் அத்தனையும் அந்த முனைக்குள் இறங்கி அதை உருக்கிவிடும். மழுங்கிய முகத்தின் முன்னாலோ அலை விலகி நிற்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி காற்றிலேயே கரைந்து ஓரமாகப் போய்விடுகிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஜூலியன் ஆலன் இதைச் சொன்னபோது பலருக்கு நம்ப முடியவில்லை. விண்வெளிக் கலங்களின் தட்டையான வயிறும், விண்வெளி ஓடமான ஷட்டிலின் மொத்தையான மூக்கும் அந்த யோசனையின் வாரிசுகள். ஆக, மெதுவாகப் போனால் மழுங்கல், ஒலியைத் தாண்டினால் கூர்மை, அதற்கும் மிக மேலே மறுபடி மழுங்கல்.

ஒலியைத் தாண்டும் பயணிகள் விமானம் திரும்ப வருமா என்று இதைப் படித்துவிட்டு யாராவது கேட்பார்கள். தரையில் கேட்கும் வெடிச்சத்தம்தான் முதல் தடை. நாசாவின் எக்ஸ்-59 அதை வடிவத்தால் தீர்க்கப் பார்க்கிறது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூக்கு; அலைகள் ஒன்றுசேர்ந்து வெடிக்காமல் நீளவாக்கில் பரவிக் கரைய வேண்டும் என்பது நோக்கம். விமானிக்கு முன்பக்கக் கண்ணாடியே இல்லை, கேமராவும் திரையும்தான். சத்தத்தை அடக்கலாம். எரிபொருள் கணக்கை அவ்வளவு எளிதாக அடக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

பயணிகள் விமானங்கள் அறுபது வருடங்களாக ஒரே மாதிரி இருப்பதற்கும் காரணம் இந்த எரிபொருள் கணக்குதான். மாக் 0.78க்கும் 0.85க்கும் நடுவே பறப்பதே சிக்கனம். அதற்கு மேல் இழுவை செங்குத்தாக ஏறுகிறது. வேகம் மாறாததால் தோற்றமும் மாறவில்லை. மாற்றமெல்லாம் வெட்டுமுகத்திலும் பொருளிலும் நடந்திருக்கிறது. கார்பன் இழைக் கலவையால் செய்த இறக்கைகள் எடை கூடாமல் நீண்டன. நீண்டதும் காற்றைத் தவிர இன்னொரு எதிரி வந்து நின்றது. அது விமான நிலையம். ஏர்பஸ் ஏ380இன் இறக்கை விரிவு 79.75 மீட்டர், விமான நிலையங்கள் அனுமதிக்கும் 80 மீட்டர் கட்டத்துக்குள் அடக்குவதற்காக, காற்றியக்கவியல் கேட்ட நீளத்தைவிடக் குறைத்துக் கட்டினார்கள். போயிங் 777எக்ஸ் அந்தச் சமரசத்துக்கு உடன்படவில்லை. பறக்கும்போது அதன் விரிவு 71.75 மீட்டர், தரையிறங்கியதும் இரு நுனிகளும் மேல்நோக்கி மடிந்து 64.85 மீட்டராகச் சுருங்கி, 65 மீட்டர் வரம்புள்ள வழக்கமான நிறுத்துமிடத்துக்குள் நுழைந்துவிடும்.